சி நிரலிலிருந்து ஆர் சார்பை அழைக்கும்போது உள்ளீட்டுக்குப் பெயரிடுவது எப்படி?

நாகர்கோவில் மாணவர்:
பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைப் பகுதிகளின் தினசரி மழை அளவுகளை ஆர் மொழியில் ஆராய்ந்து வருகிறேன். ஆரிலிருந்து சி நிரலை அழைக்கும் ‘.கால்’ வழியே சி நிரலுக்கு அனுப்பிய வெக்டரின் மீது, அங்கிருந்தே இடைநிலை அளவைத் தரும் ‘மீடியன்’ சார்பை, விடுபட்ட பதிவுகளை நீக்கும் ‘என்ஏ.ஆர்எம்’ உள்ளீட்டோடு அழைக்க வேண்டும். அழைப்பை உருவாக்கும் ‘லாங்3’ உள்ளீடுகளை வரிசையாக வைக்கிறதே தவிர, பெயருக்கு இடம் தரவில்லை. வழி கூறுவீர்களா?

தக்கலை வாசகர்:
தம்பி, ஆர் மொழியில் ஓர் அழைப்பு என்பது கண்ணிகளால் ஆன பட்டியலே. முதல் கண்ணியில் சார்பின் பெயரைக் குறிக்கும் குறியீடும், அடுத்தடுத்த கண்ணிகளில் உள்ளீடுகளும் இருக்கும். ‘இன்ஸ்டால்’ மூலம் ‘மீடியன்’ குறியீட்டைப் பெற்று, ‘லாங்3’ உருவாக்கும் அழைப்பை நினைவகத்திலிருந்து அகற்றப்படாமல் காக்க உடனே ‘புரொடெக்ட்’ செய்துவிட்டு, ‘சிடிடிஆர்’ காட்டும் மூன்றாம் கண்ணிக்கு ‘செட்_டேக்’ கொண்டு பெயரிடுங்கள். அதன்பின் ‘ஈவல்’ மூலம் அழைப்பை இயக்கலாம். குறியீடுகளை, பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் அகற்றுவதில்லை என்பதால் அவற்றுக்குப் பாதுகாப்பு தேவையில்லை. அழைப்புக்கும் விடைக்கும் கட்டாயம் தேவை.

மார்த்தாண்டம் வாசகர்:
மேலே கூறியது சரியே. ஆனால், ‘ஈவல்’ நடக்கையில் பிழை நேர்ந்தால் கட்டுப்பாடு சி நிரலைத் தாண்டிக் குதித்துவிடும். சி மொழியின் ‘மேலாக்’ மூலம் பெற்ற நினைவகம் விடுவிக்கப்படாமலே தங்கிவிடும். எனவே, பிழை நேர்ந்தாலும் சி நிரலுக்கே திரும்பும் ‘ஆர்_ட்ரைஈவல்’ பயன்படுத்தி, அது தரும் பிழைக் குறிப்பைச் சோதித்துவிட்டு மேலே செல்வதே நல்லது. பாதுகாப்பு எங்கேனும் விடுபட்டிருக்கிறதா என்றறிய, குப்பை சேகரிப்பை அடிக்கடி நடக்கவைக்கும் ‘ஜிசிடார்ச்சர்’ இயக்கி, சிறிய தரவில் ஓட்டிப் பாருங்கள். மிகவும் மெதுவாகத்தான் ஓடும்.