தீபாவளியன்று பக்கத்து வீட்டில் சைவம்: கியூ ஓங் யா விரதம் ஏன் தள்ளிப் போனது?

பட்டர்வொர்த் செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில் பட்டர்வொர்த், ராஜா ஊடா பக்கம். எங்கள் வரிசையில் பாதி வீடு சீனர்கள், அதிலும் ஹொக்கியன் ஆட்கள்தான் அதிகம். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் எங்களுக்கும் ரொம்ப வருஷப் பழக்கம். சீனப் பெருநாளுக்கு அங்கிருந்து ஆரஞ்சும் பிள்ளைகளுக்கு அங்பாவும் (சிவப்பு உறையில் பணம்) வரும். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கும் ஆட்டுக்கறிப் பிரட்டலும் போகும்.

இந்தத் தீபாவளியன்று, 2025 அக்டோபர் 20 திங்கட்கிழமை, தூக்குச்சட்டியோடு போனால், ஆன்ட்டி வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு சாமி மேசைக்கு மஞ்சள் துணி விரித்துக்கொண்டிருக்கிறார். கறியைப் பார்த்ததும் இரண்டு கையையும் ஆட்டி, "சியா சாய், சியா சாய்!" என்கிறார். சைவமாம். கியூ ஓங் யா, அதாவது அவர்கள் ஒன்பது நாள் சைவ விரதம் இருந்து கும்பிடும் ஒன்பது ராஜா சாமி, அன்று ராத்திரி வருகிறாராம்.

ஒன்பது ராஜா சாமி நம் நவராத்திரியோடுதானே வருவார்? போன வருஷம் இரண்டுமே அக்டோபர் 3-ஆம் தேதி தொடங்கின. நாங்கள் கொலு வைத்த அன்று அவர்கள் கோயில் பக்கம் கார் நிறுத்த இடமில்லை. புரட்டாசி விரதக்காரர்களுக்கு அதில் ஒரு வசதியும் உண்டு. மஞ்சள் கொடி கட்டிய அங்காடிகளில் சைவ மீ, சைவ பீஹூன் என்று வாங்கிச் சமாளித்துவிடலாம். இந்த வருஷம் மாதம் முழுக்க நானேதான் அடுப்படியில் நின்றேன். சரஸ்வதி பூஜை முடிந்து மூன்று வாரம் கழித்து இவர்கள் தொடங்குகிறார்கள். யார் கணக்கு தப்பு? ஆன்ட்டியைக் கேட்டால் "கோயிலில் சொன்ன தேதி" என்பதோடு சரி. அப்புறம், அந்தக் கறியை எப்போது கொடுக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

பிறை மணியம்:

செல்விம்மா, நான் சீனத் தவுக்கே (முதலாளி) ஒருவரிடம் ஊதுபத்தி, சாமிச் சாமான் கடையில் வேலை பார்ப்பவன். கடைச் சுவரில் ஒரு பக்கம் அவருடைய கிழிக்கும் நாள்காட்டி, மறுபக்கம் நான் மாட்டிய பஞ்சாங்கம். இந்தக் கேள்வி எங்கள் கடையில் ஜூலை மாதமே வந்துவிட்டது. மஞ்சள் மெழுகுவத்தி எப்போது இறக்குவது என்று தெரிய வேண்டுமே.

இருவருக்கும் நிலா ஒன்றுதான். நவராத்திரி புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும். அவர்களுக்கு அமாவாசை நாளே மாதத்தின் முதல் தேதி, கியூ ஓங் யா ஒன்பதாம் மாதம் முதல் தேதியிலிருந்து ஒன்பதாம் தேதி வரை. அதனால் அதிகம் போனால் ஒரு நாள்தான் முன்னே பின்னே இருக்கும். 2022, 2023, 2024 மூன்று வருஷமும் ஒரே நாளில் தொடங்கின.

சிக்கல் எங்கே என்றால், பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். சூரியக் கணக்குக்கு 11 நாள் குறைகிறது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் செருகாவிட்டால் திருவிழாக்கள் பருவம் மாறி ஓடிவிடும். நாம் அதை அதிக மாதம் என்கிறோம். அவர்களும் செருகுகிறார்கள். ஆனால் எந்த இடத்தில் செருகுவது என்பதற்கு இருவரும் வேறு வேறு அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

நமக்கு அடையாளம் சங்கராந்தி, அதாவது சூரியன் அடுத்த ராசிக்குப் போவது. ஒரு அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் நடுவில் சங்கராந்தியே விழாவிட்டால் அது அதிக மாதம். அவர்களும் சூரியன் போகும் பாதையைப் பன்னிரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், ஆனால் மார்ச் மாதம் பகலும் இரவும் சமமாகும் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். நாம் சித்திரை முதல் தேதியிலிருந்து. இரண்டுக்கும் ஏறக்குறைய 24 நாள் இடைவெளி.

இந்த வருஷத்தையே பாருங்கள். ஜூலை 25 முதல் ஆகஸ்டு 22 வரை ஒரு நிலா மாதம். சீனக் கணக்கில் ஒரு பிரிவு தொடங்கும் சூரியப் புள்ளி ஜூலை 22-இல் வந்துவிட்டது, அடுத்தது ஆகஸ்டு 23-இல். நடுவில் ஒன்றும் இல்லை. அதனால் அவர்களுக்கு ஆறாம் மாதம் இரண்டு தடவை வந்தது. நமக்கோ அந்த இடைவெளியில் ஆகஸ்டு 17-ஆம் தேதி ஆவணி பிறந்துவிட்டது. சங்கராந்தி விழுந்ததால் அது சாதாரண மாதம். அங்கே ஒரு மாதம் பின்தங்கினார்கள், ஒன்பதாம் மாதம் அக்டோபர் 21-க்குப் போனது. இதில் தப்பு என்று யாரையும் சொல்வதற்கில்லை.

நம் முறை அடுத்த வருஷம். 2026 மே 17 முதல் ஜூன் 15 வரை உள்ள நிலா மாதம் வைகாசி பிறந்த பிறகு தொடங்கி ஆனி பிறக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. அது நமக்கு அதிக மாதம். அதோடு கணக்கு நேராகிவிடும். 2026-இல் அவர்களுக்கு அக்டோபர் 10, நமக்கு நவராத்திரி அக்டோபர் 11.

இது புதுசும் இல்லை. 2017-இல் தீபாவளி அக்டோபர் 18, கியூ ஓங் யா அக்டோபர் 20. அப்போதும் தவுக்கே என் வீட்டுக் கறியைத் தொடவில்லை. மறுபடி 2028-இல் இதே கதை வரும்.

கறி விஷயம்: 29-ஆம் தேதி ராத்திரிதான் சாமியைக் கடலுக்கு வழியனுப்புகிறார்கள். கோயிலில் ஏற்றிய ஒன்பது விளக்கை இறக்கிய பிறகுதான் விரதம் முடியும். 30-ஆம் தேதி கொடுங்கள். பழைய கறியைச் சூடுபண்ணிக் கொடுக்காமல் புதிதாகச் சமையுங்கள், கேட்கவா வேண்டும்.

ஆவ்காங் வாசி:

மணியம் அண்ணன் விளக்கம் அருமை. நான் சிங்கப்பூர். எங்கள் பக்கத்தில் அப்பர் சிராங்கூன் சாலையில் இதே சாமிக்குப் பழைய கோயில் இருக்கிறது, தேசிய நினைவுச்சின்னமாகவே அறிவித்திருக்கிறார்கள். 2014-ஐ யாரும் மறந்துவிட வேண்டாம். அந்த வருஷம் சீனர்களுக்குக் கூடுதலாக விழுந்தது ஒன்பதாம் மாதமே. முதல் சுற்று செப்டம்பர் 24, நம் நவராத்திரியை ஒட்டி. அடுத்தது அக்டோபர் 24, தீபாவளி முடிந்த இரண்டாம் நாள். பல கோயில்களில் திருவிழாவை இரண்டு தடவையும் நடத்தினார்கள். இப்படி ஒன்பதாம் மாதம் இரட்டித்தது அதற்கு முன்னால் 1832-இல். என்னோடு வேலை பார்த்த ஹொக்கியன் நண்பர் இரண்டு சுற்றும் விரதம் இருந்தார். இரண்டாவது சுற்றின் கடைசியில் கோழிச் சோற்றைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

இன்னொன்று. அந்த ஒன்பது ராஜாவும் நட்சத்திரங்கள்தான். நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்லும் ஏழும், கண்ணுக்குத் தெரியாத இரண்டும் சேர்த்து ஒன்பது. அவர்களுக்குத் தாய் ஒருத்தி, தௌ மூ. கோயில் அவள் பெயரில்தான் இருக்கும். அதனால் அங்கேயும் அம்மனுக்கு ஒன்பது நாள் என்று என் பாட்டி உரிமை கொண்டாடுவார். நான் வாதாடுவதில்லை.

ஈப்போ கௌரி:

கணக்கு எனக்கு ஓடாது, சமையலைச் சொல்கிறேன். செல்வி, விரத நாளில் ஆன்ட்டிக்கு ஏதாவது கொடுக்க ஆசையிருந்தால் நம் சைவம் அவர்கள் சைவம் ஆகாது என்பதை மறக்காதீர்கள். கறி, மீன், முட்டை மட்டுமில்லை, வெங்காயமும் பூண்டும் கூடாது. சாம்பாரில் வெங்காயம் போட்டால் முடிந்தது. நெய், பால் விஷயம் வீட்டுக்கு வீடு மாறும். சட்டி, கரண்டியையே தனியாக எடுத்து வைக்கும் வீடுகளும் உண்டு, அதனால் உங்கள் தூக்குச்சட்டியை வாங்கத் தயங்கினால் மனசு நோக வேண்டாம்.

பழம் கொடுங்கள், அதற்கு எந்தக் கேள்வியும் இல்லை. தேங்காய்ப்பால் பாயசம் செய்யலாம். முறுக்கு என்றால் பெருங்காயத்தைப் பாருங்கள். சீன பௌத்தர்கள் விலக்கும் ஐந்து காரப் பொருள்களில் வெங்காயம், பூண்டு வகைகளோடு பெருங்காயமும் பழைய பட்டியலில் இருக்கிறது. இங்கே சீனர் அடுப்படியில் பெருங்காயமே கிடையாது என்பதால் யாரும் அதைப் பேசுவதில்லை, ஆனால் விவரம் தெரிந்த கோயில்காரர் கேட்பார்.

புரட்டாசிக்காரர்களுக்கும் ஒன்று. அங்காடியில் விற்கும் சைவ ஆட்டுக்கறி, சைவ மீன் எல்லாம் சோயாவும் காளானும்தான், ருசியும் குறைவில்லை. ஆனால் பொட்டலத்தில் வருவதில் சில வகையில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதுண்டு. விரதத்துக்கு வாங்கினால் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.

பட்டர்வொர்த் செல்வி:

நன்றி மணியம் அண்ணே, கௌரி அக்கா. ஆன்ட்டியிடம் ஆறாம் மாதம் இரண்டு தடவை வந்ததா என்று கேட்டேன். உடனே முகம் மலர்ந்து, "ஆமாம், அதனால்தான் இந்த வருஷம் பேய் மாசம், அதுதான் ஏழாம் மாசம், ரொம்பத் தள்ளி வந்தது" என்கிறார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! இன்றைக்குப் பப்பாளியும் வாழைப்பழமும் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். 29-ஆம் தேதி வழியனுப்புக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். வெள்ளைச் சட்டை போட வேண்டுமா, அல்லது வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு எதுவும் சரியா?

பிறை மணியம்:

வேடிக்கை பார்க்க எதுவும் சரி, கறுப்பு மட்டும் வேண்டாம். ஊர்வலத்தோடு நடப்பதானால் வெள்ளை போடுங்கள், அன்றைக்குச் சைவமாகவும் இருங்கள். ஊதுபத்தி சாம்பல் பறக்கும், பழைய சட்டையாகப் பார்த்து எடுங்கள். காரைத் தூரமாகவே நிறுத்திவிட்டு நடந்து போவது நல்லது.