விற்ற கோழி வாசலுக்குத் திரும்பி வந்தபோது: சேலம் பக்கத்து வளர்ப்பாளர்கள் அனுபவப் பகிர்வு

காடையாம்பட்டி கிளிமூக்கு:

போன மாதம் நடந்தது. படுக்கப் போகும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஒன்று மனசில் கிடந்தால் எழுதுங்கள்.

என்னிடம் ஒரு சேவல், நாலு பெட்டை. கிளிமூக்கு விசிறிவால், அதாவது மூக்கு கிளி மாதிரி வளைந்து, வால் தரையைத் தொடுகிற இனம். போன ஆவணி கடைசியில் ஒரு ஈடு, அதாவது ஒரே அடையில் வைத்த முட்டைகள், பொரித்தது. தாரமங்கலம் பக்கத்துத் தம்பி ஒருவன் ஒரு மாதக் குஞ்சில் ஆறு எடுத்துக்கொண்டான். ஜோடி 2,000 என்றேன். பேரம் பேசவில்லை. தறி ஓட்டிச் சேர்த்த பணம் என்று பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிக்குப் பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு வந்தான். ஒன்றும் பேசவில்லை. கூடையைத் திறந்து ஒரு சேவலை வாசலில் விட்டான். என் சேவலைக் கொய்யா மரத்தடியில் கட்டியிருந்தேன். இரண்டுக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. என்னுடையதற்கு வால் மண்ணைக் கூட்டிக்கொண்டு கிடக்கிறது. அவன் கொண்டுவந்ததற்கு வால் கருக்கரிவாள் மாதிரி வளைந்து மேலே நிற்கிறது. மூக்கும் நேர்மூக்கு.

"அண்ணா, இது அதோட பையன்தானே?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருஷம் ஆடிப்பதினெட்டுக்கு மேட்டூர் போனவர்கள், அப்படியே மாமனார் வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டோம். திரும்பி வந்து பார்த்தால் பக்கத்துத் தோட்டத்து நாட்டுச் சேவல் வேலி தாண்டி உள்ளே நிற்கிறது. விரட்டிவிட்டு ஒரு வாரம் முட்டையைச் சமையலுக்கு எடுத்தேன். அதற்கப்புறம் இட்டதைத்தான் அடை வைத்தேன். ஒரு வாரம் போதும் என்று நினைத்துவிட்டேன்.

பணத்தைத் திருப்பி நீட்டினேன். வாங்கவில்லை. "பணம் பரவாயில்லைண்ணா, ஒரு வருஷம் போச்சுல்ல" என்று சொல்லிவிட்டுச் சேவலைப் பிடித்துக் கூடையில் வைத்துக் கட்டினான். பிடிக்கும்போது அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

வாழப்பாடி கருங்கோழி:

அண்ணா, நீங்கள் தப்பை ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். என்னுடையது நேர் எதிர். நான் சரியாகக் கொடுத்தும் ஏமாற்றுக்காரி ஆன கதை.

வீட்டில் எட்டு கடக்நாத், அதாவது கருங்கோழிப் பெட்டை வைத்திருக்கிறேன். சேலம் டவுனிலிருந்து ஒருவர் காரில் மகளோடு வந்தார். அடைமுட்டை ஒரு டஜன் வேண்டும் என்றார். எடுத்து வந்து காட்டினேன். முட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "கருங்கோழி முட்டை கறுப்பா இருக்கும்னு படத்தோட போட்டிருக்காங்க, இது சாதா நாட்டுக்கோழி முட்டை" என்றார். கடக்நாத் முட்டை இளம்பழுப்பு, சந்தன நிறம்தான். கறுப்பு முட்டை என்று சுற்றுகிற படத்தை யார் போடுகிறார்களோ தெரியவில்லை. கோழிக்குத் தோல், கறி, எலும்புக்குமேல் சவ்வு எல்லாம் கறுப்பு, முட்டை ஓடு அப்படி இல்லை என்று சொன்னேன். நம்பவில்லை. கடைசியில் ஒரு பெட்டையைப் பிடித்து, அலகைத் திறந்து நாக்கைக் காட்டினேன். மை தொட்ட மாதிரி இருக்கும், பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சின்னப் பெண் கிட்டே வந்து, "அப்பா, நாக்குகூட கறுப்பு!" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவர் முட்டையைத் தூக்கி அவள் கண் முன்னால் பிடித்து, "இப்படித்தாம்மா ஏமாத்துவாங்க, தெரிஞ்சுக்கோ" என்றார்.

அவர் நம்பாதது எனக்குப் பெரிசில்லை. அந்தப் பிள்ளை கோழியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தது பாருங்கள், அதுதான் போகவில்லை.

சங்ககிரி பெருவிடை:

காடையாம்பட்டி நண்பருக்கு. உங்கள் மீது தப்பு இருக்கிறது, அந்தத் தம்பி மீதும் இருக்கிறது. ஒரு மாதக் குஞ்சை வாங்குபவர் தாய் தகப்பனை மட்டும் பார்த்தால் போதாது, மற்ற சேவல் ஏதாவது வளாகத்துக்குள் திரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

என் கதை சின்னது. ஒருவர் என்னிடம் "வேற வேற லைன்", அதாவது வேறு வேறு வம்சம் என்று சொல்லி, பெருவிடை என்கிற பெரிய உடம்பு நாட்டுக்கோழி ஜோடி கொடுத்தார். இரண்டும் ஒரே ஈட்டுக் குஞ்சு. அதன் பிள்ளைகளையே திரும்பத் திரும்பச் சேர்த்ததில், மூன்றாம் தலைமுறையில் பாதி முட்டை ஓட்டுக்குள்ளேயே செத்தது. பதினெட்டு நாள் வளர்ந்து மூக்கு உடைக்காமல் கிடந்த குஞ்சுகளை உடைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

இனி செய்ய வேண்டியது. பெட்டை ஒரு தடவை சேவல் ஏறினால் அந்த விந்தை உடம்புக்குள் தேக்கி வைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் தாண்டியும் கரு பிடிக்கும். வேறு சேவல் நுழைந்தது தெரிந்தால் முழுசாக மூன்று வாரம் முட்டையைச் சாப்பிட்டுத் தீருங்கள், அப்புறம்தான் அடைக்கு எடுக்க வேண்டும். இரண்டாவது, பொரித்த அன்றே குஞ்சின் விரலிடைச் சவ்வில் துளை போடுங்கள். இரண்டு காலிலும் இரண்டிரண்டு சவ்வு இருக்கிறது, போடுவது விடுவது என்று மாற்றிமாற்றிப் பதினாறு அடையாளம் வரும். எந்த ஜோடிக் குஞ்சு என்று நோட்டில் எழுதுங்கள். மூன்றாவது, அடைமுட்டையை ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். கூர்முனை கீழே இருக்கட்டும், சேலத்து வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் வைக்காதீர்கள், மண்பானையைத் தண்ணீர் மணலில் இறக்கி அதற்குள் வையுங்கள். நாலாவது, வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து: ஏழாம் நாள் லசோட்டா கண்ணில் சொட்டு, எட்டாம் வாரம் ஆர்2பி ஊசி. வெள்ளைக்கழிச்சல் வந்தபிறகு வைத்தியம் கிடையாது. பிப்ரவரியில் கால்நடைத்துறை இருவார முகாம் போடும்போது பெரிய கோழிகளையும் தூக்கிக்கொண்டு போங்கள். ஐந்தாவது, கிளிமூக்கை ஒரு மாதத்தில் விற்பதே தப்பு. மூக்கு ஒரு வடிவத்துக்கு வர நாலு மாதமாவது வேண்டும், வால் தெரிய ஒரு வருஷம் ஆகும். நாலு மாதம் வரை எல்லாக் குஞ்சையும் வைத்திருந்து, தேறாததைக் கறிக்குத் தள்ளிவிட்டு, தேறினதை மட்டும் இனத்துக்குக் கொடுங்கள்.

நாகலூர் மலைக்காரன்:

நான் வாங்கினவன் பக்கம்.

மார்கழி மாதம். கொங்கணாபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போனவன், அங்கே அறிமுகமான ஒரு பெரியவர் வீட்டில் சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழிக் குஞ்சு 20 வாங்கினேன். மூன்று நாள் குஞ்சு. அவர் அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, ஓட்டை போட்டு, "ஏற்காடு குளிருக்கு என்னப்பா ஏற்பாடு?" என்று இரண்டு தடவை கேட்டார். பல்பு இருக்குதுங்க என்றேன். மேலே ஏறி 20 கொண்டை ஊசி வளைவும் முடியும்போது பனி மூடிவிட்டது. வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை.

பெட்டியைத் திறந்தேன். எல்லாம் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒரே பந்தாகக் கிடந்தன. மேலே கிடந்தவற்றை எடுக்க எடுக்க, அடியில் ஏழு. நசுங்கித் தட்டையாக.

பாட்டி ஒன்றும் திட்டவில்லை. கோழி அடைக்கிற குடாப்புக்குள் ஒரு கோழி இரண்டு வாரத்துக்கு மேல் அடையில் இருந்தது. விளக்கைக் காட்டாதே என்றாள். இருட்டிலேயே கையை விட்டு முட்டையை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மீதி பதின்மூன்றையும் இறக்கைக்கு அடியில் சொருகினாள். கோழி முதலில் உறுமியது. கொஞ்ச நேரம் கழித்து அந்த உறுமல் நின்று, குஞ்சோடு பேசுகிற "கொக் கொக்" வந்தது. பதின்மூன்றும் பிழைத்தன.

மறுநாள் காலையில் பெரியவர் போன் செய்து, "எல்லாம் சேதமில்லாம சேர்ந்துதா கண்ணு?" என்று கேட்டார். "எல்லாம் நல்லாயிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இரண்டு தடவை கேட்ட மனிதர் அவர்.

வாழப்பாடி கருங்கோழி:

சங்ககிரி அண்ணா, கோபிக்காதீர்கள். அந்த அண்ணன் யோசனை கேட்கவே இல்லை. மூன்று வாரக் கணக்கு நல்ல விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு மாதம் எல்லாக் குஞ்சையும் வைத்திரு என்றால், நாலைந்து பெட்டை வைத்திருப்பவர் தீவனத்துக்கு எங்கே போவார்? மக்காச்சோளம், கம்பு, தவிடு எல்லாம் காசு. கீரி, பருந்து, நாய்க்குப் போனது போக மிச்சமாவது பத்துக் குஞ்சு. ஒரு மாதத்தில் பாதியை விற்றால்தான் மீதிப் பாதிக்குத் தீனி. எங்களைப் போன்றவர்கள் ஒரு மாதக் குஞ்சை விற்கத்தான் செய்வோம். "மூக்கு, வால் இன்னும் தெரியாது, தாய் தகப்பன் இதுதான், தேறவில்லை என்றால் மாற்றித் தருகிறேன்" என்று சொல்லி விற்கலாம். தம்பி மீது தப்பு என்று எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் நம்பி வாங்கினான்.

ஆத்தூர் அசில்:

சங்ககிரிக்காரர் சொன்ன சவ்வுத் துளையை நான் வருஷக்கணக்காகப் போடுகிறேன். அதனால்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பட்டாவை, அதாவது இளஞ்சேவலை, இனத்துக்குத்தான் என்று சொன்னவரிடம் கொடுத்தேன். செங்கருப்பு, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கையில் தீனி தின்று வளர்ந்தது. ஐந்து மாதம் கழித்து யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள். கத்திக்கட்டு, காலில் கத்தி கட்டி மோதவிடுகிற சேவல் சண்டை. தோற்ற சேவலைக் காலைப் பிடித்துத் தூக்குகிறான் ஒருவன். இடது காலில் வெளிச்சவ்வில் துளை, வலது காலில் உட்சவ்வில் துளை. படத்தை நிறுத்திப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். நான் போட்ட துளைதான்.

1960 சட்டப்படியே விலங்குகளைச் சண்டைக்கு விடுவது குற்றம். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இப்போது யார் வந்து கேட்டாலும் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேவல் கொடுக்கிறேன். சில பேர் அதோடு போனை எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

காடையாம்பட்டி கிளிமூக்கு:

எல்லாம் படித்தேன். சங்ககிரி அண்ணா, நீங்கள் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. மூன்று வாரம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் தம்பி மீது தப்பு இல்லை. அவன் வந்து பார்த்த அன்றைக்கு வளாகத்தில் வேறு சேவல் இல்லை.

அவன் போன மறுநாளே வேலிக்கு மேலே வலை கட்டினேன். அப்புறம் இட்ட முட்டையில் பதினொன்றை அடை வைத்திருக்கிறேன். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு கரு பிடிக்காத கூமுட்டை, ஒன்பதில் நரம்பு ஓடியிருந்தது. தம்பிக்குப் போன் செய்து, இந்த ஈடு முழுக்க உனக்கு, நாலு மாதம் நானே வளர்த்து மூக்கு பார்த்துத் தருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அந்தச் சேவலை என்ன செய்தாய் என்று கேட்டேன். "இருக்குதுண்ணா. அம்மா அதுக்குப் பேர் வச்சுட்டாங்க, விக்க விட மாட்டேங்கறாங்க" என்றான்.

வருகிற வெள்ளிக்கிழமை 21ஆம் நாள். வியாழன் ராத்திரி தறி ஷிப்ட் முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.