பேங்க் தேர்வில் இருபடிச் சமன்பாடு: சூத்திரம் போட நேரம் போதவில்லை

கடைசி பெஞ்ச்:
ஐபிபிஎஸ் பிஓ பிரிலிம்ஸுக்குப் படிக்கிறேன். கணக்குப் பகுதிக்கு 20 நிமிடம், 35 கேள்வி. இரண்டு இருபடிச் சமன்பாடுகளைக் கொடுத்து எக்ஸ் பெரிதா, ஒய் பெரிதா என்று கேட்பார்களே, அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புச் சூத்திரத்தைப் போட்டால் விடை வருகிறது, நேரம் போய்விடுகிறது. மாக் டெஸ்டில் வந்தது இது:

2எக்ஸ்² + 3எக்ஸ் − 20 = 0
3ஒய்² − 4ஒய் − 15 = 0

வேகமாகப் போட வழி உண்டா?

கவுன்ட்டர் அக்கா:
தம்பி, இதைப் போடவே வேண்டாம். கடைசி எண்களைப் பாருங்கள்: −20, −15. வர்க்கத்துக்கு முன்னால் பிளஸ், கடைசியில் மைனஸ் என்றால் ஒரு மூலம் பிளஸ், இன்னொன்று மைனஸ். இரண்டிலுமே அப்படி என்றால், எக்ஸின் பிளஸ் மூலம் ஒய்யின் மைனஸ் மூலத்தைவிடப் பெரிது. எக்ஸின் மைனஸ் மூலமோ ஒய்யின் பிளஸ் மூலத்தைவிடச் சிறிது. 'தொடர்பு சொல்ல முடியாது' என்பதை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கடைசி எண் பிளஸ் என்றால் நடு எண்ணைப் பாருங்கள். அது பிளஸ் என்றால் இரு மூலமும் மைனஸ், அது மைனஸ் என்றால் இரண்டும் பிளஸ். ஒரு சமன்பாடு அப்படி, மற்றது இப்படி என்றால் அதற்கும் ரஃப் ஷீட் தேவையில்லை.

மற்றதற்கெல்லாம் காரணிப்படுத்தியே ஆக வேண்டும். எக்ஸ்² − 11எக்ஸ் + 28 = 0 என்றால் 4, 7. ஒய்² − 15ஒய் + 56 = 0 என்றால் 7, 8. விடை எக்ஸ் ≤ ஒய். அந்தச் சமக்குறிக்காகவே வைக்கிற கேள்வி இது! சூத்திரத்தைப் பள்ளியிலேயே விட்டுவிடுங்கள். கால்குலேட்டர் இல்லாத தேர்வு, அனேகமாகக் காரணிப்படுத்த வருகிற எண்களாகத்தான் கொடுப்பார்கள்.

கடைசி பெஞ்ச்:
நன்றி அக்கா. எக்ஸ்² = 49, ஒய் = √49 என்று வந்தால் இரண்டும் 7தானே?

ரஃப் ஷீட்:
இல்லை நண்பா. எக்ஸ் 7 ஆகவும் இருக்கலாம், −7 ஆகவும் இருக்கலாம். வர்க்கமூலக் குறி போட்டிருந்தால் மிகை எண் மட்டும்தான், ஒய் = 7. இங்கேயும் எக்ஸ் ≤ ஒய். எக்ஸ்³ = 343 என்றால் 7 மட்டும்.

கவுன்ட்டர் அக்கா:
சரியாகச் சொன்னார். அப்புறம், முன்னால் 2, 3 என்று எண் இருந்தால் அதால் வகுக்க மறக்காதீர்கள். 2எக்ஸ்² − 13எக்ஸ் + 20 = 0 என்பதில் 8, 5 என்று பிரித்துவிட்டு அதையே ஒய்யோடு ஒப்பிட்டால் போச்சு. மூலங்கள் 4, 2.5. தவறான விடைக்குக் கால் பங்கு பிடிப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.