கோல்ட்கெட் குழுவை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கேள்வி (கல்லடி):
1920களின் நடன இசைக்குழுக்களில் அதிகம் பேசப்படாதவர்களைத் தேடிக் கேட்டுவருகிறேன். டெட்ராயிட்டின் ஜீன் கோல்ட்கெட் குழு 1926இல் நியூயோர்க் றோஸ்லண்ட் மண்டபத்தில் புகழ்பெற்ற பிளெச்சர் ஹென்டர்சன் ஜாஸ் குழுவையே விஞ்சியதாக, ஹென்டர்சன் குழுவில் வாசித்த ரெக்ஸ் ஸ்டுவர்ட்டே பின்னர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இசைத்தட்டுகளில் அந்த வேகம் தெரியவில்லையே, ஏன்?

மறுமொழி (அக்கரைப்பற்று):
தம்பி, விக்டர் நிறுவனம் அவர்களைக் கொண்டு பெரும்பாலும் பாடகரை முன்னிறுத்திய சாதாரண மெட்டுகளையே பதிவுசெய்தது. அவற்றில் குழுவின் சிறந்த கலைஞரான பிக்ஸ் பைடர்பெக்கின் கோர்னெட்டுக்கு (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) கிடைத்த இடம் மிகக் குறைவு. 1927 செப்டெம்பரில் பதிவான 'கிளெமன்டைன்' தட்டிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் அதில்தான் அவர் தடையின்றி வாசிக்கிறார். அதே மாதத்தில் குழு கலைந்துபோனது பெரும் இழப்பு.

மறுமொழி (மட்டக்களப்பு நகர்):
அதே தட்டில் ஜோ வெனூட்டியின் வயலினும் உண்டு. பறங்கியர் திருமண வீடுகளின் நடன வயலினைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது உடனே பிடித்துவிடும்.

மறுமொழி (கல்முனை):
கன்சாஸ் சிட்டியின் ஜாஸ் குழுத்தலைவர் பெனி மோட்டனின் 1923ஆம் ஆண்டுத் தட்டுகளையும் கேளுங்கள் ஐயா. மின்முறைப் பதிவு 1925இல்தான் வந்தது. அதற்கு முன்னர் ஒலிவாங்கி இன்றிக் கூம்புக்குழாயின் முன் நின்று வாசித்தவர்களை, ஒலி மெலிந்திருப்பதற்காகக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று.