கலைச்சொல்: சாக்சன் தேவாலயங்களின் ‘லாங் அண்ட் ஷார்ட்’ மூலை – ‘நெடில்குறில்’ சரிவருமா?

மடல் 1

அன்புள்ள குழுவினருக்கு,

கட்டடத் தொல்லியல் சொல்தொகுப்பில் ஆங்கிலோ-சாக்சன் தேவாலயங்கள் பகுதி முடியப்போகிறது. 1066ல் நார்மன்கள் இங்கிலாந்துக்கு வருவதற்கு முந்திய சுவரை இனங்காண உதவும் கூறுகளுக்குப் பெரும்பாலும் சொல் அமைந்துவிட்டது: உள்ளும் புறமும் விரியும் சாளரம், மீன்முள் அடுக்கு (கற்களைச் சாய்த்து, வரிசைக்கு வரிசை சாய்வை மாற்றி அடுக்குவது), சுவர்ப்பட்டை (சுவர்முகத்தில் துருத்தி ஏறும் ஒடுங்கிய கல்பட்டை). இழுபறியாக நிற்பது ‘லாங் அண்ட் ஷார்ட்’ மூலை. ஒரு கல் உயரமாக, அதன்மேல் ஒரு கல் தட்டையாக என்று மாறி மாறி ஏறும் கட்டு. வரைவில் ‘நெடில்குறில் மூலைக்கல்’ என்று இருக்கிறது. இப்படியே விடலாமா?

மடல் 2

ஐயா, வணக்கம்.

> நெடில்குறில் மூலைக்கல்

கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் தப்பான இடத்துக்குக் கொண்டுபோகும். இந்தக் கட்டில் குட்டைக்கல் என்று ஒன்றே கிடையாது. ‘ஷார்ட்’ எனப்படுவது படுக்க வைத்த பலகைக்கல். சுவருக்குள் அது ஓடும் நீளம், நிற்கும் கல்லின் உயரத்துக்குச் சமமாகவே இருக்கலாம். வெளியே தெரியும் உயரம்தான் குறைவு. நீளத்தை வைத்துப் பெயரிட்டால், களத்தில் அளவுநாடாவோடு நிற்பவர் சிறிய கல்லைத் தேடுவார். வேறுபாடு கல்லின் அளவில் இல்லை, அதை வைத்த விதத்தில் இருக்கிறது.

கட்டின் வேலையைப் பாருங்கள். நிற்கும் கல் சதுரத் தூண்துண்டு போன்றது. தனியாக நின்றால் இரண்டு பக்கச் சுவரோடும் அதற்குப் பிடிப்பு இல்லை. மேலே வரும் பலகைக்கல் இரண்டு சுவருக்குள்ளும் புகுந்து, உடைகல்லும் சுண்ணாம்புக் காரையுமான கட்டோடு மூலையைச் சேர்த்துக் கட்டுகிறது. பலகைக்கல் போதிய ஆழம் போகாத இடத்தில், மூலைக்கும் சுவருக்கும் நடுவே நெட்டுக்குத்தாக விரிசல் விடும்.

இன்னொன்று. சில தேவாலயங்களில் பலகைக்கல்லின் முகத்தைச் செதுக்கி உள்ளே தள்ளியிருப்பார்கள். நிற்கும் கல்லின் அகலத்துக்கு நேராக வரும் பகுதி மட்டும் துருத்தி நிற்கும், மீதி பூச்சுக்கு அடியில் போய்விடும். பூச்சு இருந்த காலத்தில் மூலை முழுவதும் ஒரே அகலப் பட்டையாகத் தெரிந்திருக்கும். பின்னாளில் பூச்சைச் சுரண்டிய சுவர்களில்தான் மறைந்திருந்த பகுதி வெளியே வந்து, பல்பல்லாகத் தெரிகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் நீளமும் நம்பத்தக்கதல்ல.

என் பரிந்துரை ‘குத்துக்கிடை மூலைக்கட்டு’. உறுப்புகள் குத்துக்கல், கிடைக்கல். ‘படுகைக்கல்’ என்றும் யோசிக்கலாம், ஆனால் பாறையின் இயற்கைப் படிவையும் (அடுக்கடுக்காகப் படிந்த வாக்கையும்) படுகை என்கிறோம். இங்கே அந்தக் குழப்பம் ஆபத்து. சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் பாறையில் கிடந்த வாக்கிலேயே சுவரிலும் கிடந்தால் நீடிக்கும். குத்துக்கல்லை நிமிர்த்தி வைக்கும்போது படிவும் நெட்டுக்குத்தாகிவிடுகிறது. மழையும் உறைபனியும் படிவு வழியே புகுந்து, முகம் ஏடு ஏடாக உரியும். ஒரு மூலையில் குத்துக்கற்கள் மட்டும் உரிந்து, கிடைக்கற்கள் கூர்மையாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதைப் பார்த்து ‘இரண்டும் வெவ்வேறு காலத்துக் கற்கள்’ என்று எழுதிவிடக் கூடாது.

‘மூலைக்கல்’ வேண்டாம். விவிலியம் படித்தவர்களுக்கு அது ‘மூலைக்குத் தலைக்கல்’, ஒரே ஒரு கல். நமக்கு வேண்டியது அடியிலிருந்து உச்சிவரை போகும் கட்டு.

மீன்முள் அடுக்கை முந்திய சுவருக்கான அடையாளமாகச் சேர்த்திருக்கிறீர்கள். நார்மன்களும் அதைத் தாராளமாகக் கட்டினார்கள். குறிப்பில் திருத்திவிடுங்கள்.

மடல் 3

குத்தும் கிடையும் என்பது பொருளானால் உம்மைத்தொகை, ஒற்று மிகாது. செடிகொடி, காய்கனி போல ‘குத்துகிடை’. நடுவில் க் போட்டால் குத்தாகக் கிடப்பது என்று வேறு பொருள் தரும். ‘குத்துக்கல்’லில் மட்டும் மிகும்.

மடல் 4

ஒற்றைப் பற்றி மடல் 3ல் அம்மா சொன்னது சரி. தொல்லியலில் ‘குத்துக்கல்’ பெருங்கற்காலச் சின்னத்துக்கும் வழங்குகிறது, ஆனால் ‘மூலைக்கட்டு’ கூட வருவதால் மயக்கம் இராது.

எனக்குக் கவலை இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்து எஸ்கோம்ப். 7ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். பின்செஸ்டர் ரோமக் கோட்டையிலிருந்து கொண்டுவந்த கற்களால் எழுப்பியது. ரோமப் படையின் ஆறாம் படையணியின் பெயர் பொறித்த கல் ஒன்று வடசுவரில் தலைகீழாகவே இருக்கிறது. அதன் வெளிமூலைகள் குத்துகிடை அல்ல. பெரிய செவ்வகக் கற்கள் எல்லாமே கிடந்த வாக்கில், ஒன்றின் நீளம் வடக்குச் சுவரிலும் அடுத்ததன் நீளம் கிழக்குச் சுவரிலும் போகும்படி மாற்றி வைத்தவை. இதற்கு ‘பக்கமாற்று மூலைக்கட்டு’ என்று தனிச்சொல் வேண்டும்.

ஆனால் உள்ளே பலிபீடப் பகுதிக்குப் போகும் வளைவின் இரு பக்கத்திலும் ஒரு கல் நின்று, ஒரு கல் கிடக்கிறது. கிடப்பவை சுவரின் முழுக் கனத்துக்கும் ஊடே போகும் ஊடுகற்கள். ஆய்வாளர்கள் இதற்கு ‘எஸ்கோம்ப் முறை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால், எஸ்கோம்பைப் படித்தவர் அதன் வெளிமூலையையும் குத்துகிடை என்று பதிந்துவிடுவார். காலக்கணிப்பே புரண்டுவிடும், ஏனென்றால் குத்துகிடை மூலைகளில் பெரும்பாலானவை 10, 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

வாயிலுக்கும் வளைவுக்கும் ‘குத்துகிடை நிலை’ என்று வைக்கலாம். கதவு நிலை எல்லாருக்கும் தெரிந்த சொல்.

மடல் 5

ஏற்கிறேன். பதிவு இப்படி:

குத்துகிடை மூலைக்கட்டு – சுவர்மூலையில் குத்துக்கல்லும் கிடைக்கல்லும் மாறி மாறி அமைய, கிடைக்கல் இரு சுவருக்குள்ளும் புகும் கட்டு. ஒப்பிடுக: பக்கமாற்று மூலைக்கட்டு, குத்துகிடை நிலை.

வரைவில் இருந்த ‘கிடைக்கல் அகலமாக வெளித்தெரிய வேண்டும்’ என்ற நிபந்தனையை எடுத்துவிட்டேன். களக்குறிப்பில் இவை சேர்கின்றன: மூலையின் இரண்டு முகத்தையும் 1:20 அளவில் கல் கல்லாக வரைதல், ஒவ்வொரு கல்லுக்கும் உயரம், இரு முகங்களின் அகலம், படிவின் போக்கு, உளித்தடம், காரை எந்த உயரத்தில் மாறுகிறது என்பது. பிற்காலத்தில் பக்கச் சிறகு சேர்த்த தேவாலயங்களில் பழைய மூலை சிறகுக்குள் மறைந்திருக்கும், ஆகவே உள்ளேயும் பார்க்க வேண்டும். சிறிய, ஒரே அளவான சதுக்கக் கற்களாக மூலை மாறும் உயரத்தைத் தனியாகக் குறிக்க வேண்டும். அங்கிருந்து மேலே நார்மன் வேலையாகவோ பிந்திய பழுதுபார்ப்பாகவோ இருக்கலாம். பார்ட்டன்-அப்பான்-ஹம்பர் கோபுரத்தைக் கட்டடக் கலைஞர் தாமஸ் ரிக்மன் நார்மன்களுக்கு முந்தியது என்று நிறுவியதும் ஏறக்குறைய இந்த வழியில்தான்: உச்சி அடுக்கு நார்மன் பாணி, அப்படியென்றால் அதைத் தாங்கும் கீழ் அடுக்குகள் அதற்கும் பழையவை.

படத்துக்கு எஸ்கோம்ப் வேண்டாம். நார்த்தாம்ப்டன்ஷயரின் ஏர்ள்ஸ் பார்ட்டன் கோபுரம் போதும். குத்துகிடை மூலையும் சுவர்ப்பட்டையும் ஒரே சட்டத்தில் வரும். சுவர்ப்பட்டைக்கு ‘பட்டிகை’ என்று ஒருவர் திருத்தியிருந்தார், அதை நீக்கிவிட்டேன். நம் கோயில்களின் அதிட்டானத்தில் (அடித்தளத்தில்) பட்டிகை கிடையாக ஓடுவது, இது செங்குத்தாக ஏறுவது.