புயல் தாங்கும் கூரைக்கு அரசு மானியம்: எங்கே கிடைக்கிறது, எங்கே தடுக்கிறது

வளைகுடாவாசி (மொபைல், அலபாமா)

இந்த இழையில் சொந்தக் கதை வேண்டாம், வேலையைச் சொல்லுங்கள். விண்ணப்பம் எங்கே நின்றுபோகிறது, கூரைமேல் எது தப்பாகிறது, பணம் யார் கைக்கு எப்போது வருகிறது என்று எழுதினால் போதும். முதலில் அடிப்படை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ‘ஸ்ட்ரெங்தன் அலபாமா ஹோம்ஸ்’ திட்டத்துக்குச் சட்டம் 2011-இல் வந்தது, மானியம் கொடுக்கத் தொடங்கியது 2016-இல். நடத்துவது மாநில இன்ஷூரன்ஸ் துறை. அதைப் பார்த்து லூசியானா 2022-இல் ‘லூசியானா ஃபோர்ட்டிஃபை ஹோம்ஸ்’ சட்டம் போட்டது. லாரா (2020), ஐடா (2021) புயல்கள் அடித்த அடியில் அங்கே பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் திவாலானதுதான் காரணம். 2023-இல் 3 கோடி டாலர் ஒதுக்கினார்கள். இரண்டு மாநிலத்திலும் ஒரு வீட்டுக்கு உச்சவரம்பு 10,000 டாலர். இரண்டிலும் கேட்பது ஒரே தரம்: ஐபிஹெச்எஸ் என்ற இன்ஷூரன்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த ‘ஃபோர்ட்டிஃபைடு’. அதில் ரூஃப், சில்வர், கோல்டு என்று மூன்று படிகள் உண்டு. நாம் இங்கே பேசுவது முதல் படியான ரூஃப் மட்டும்.

அலபாமாவில் விண்ணப்பம் திறந்தால் சீக்கிரமே மூடிவிடும். லூசியானாவும் முந்தியவருக்கே என்று ஆரம்பித்து, பிறகு குலுக்கலுக்கு மாறிவிட்டது. ஆகவே திறக்கும் நாளுக்கு முன்பே காகிதம் கையில் இருக்க வேண்டும்: ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன் (சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான சொத்துவரிச் சலுகை) ஆதாரம், பாலிசியின் டிக்ளரேஷன் பக்கம் (பாலிசியின் சுருக்க விவரப் பக்கம்), வெள்ள அபாய மண்டலத்தில் வீடு இருந்தால் வெள்ள பாலிசி. கடற்கரை ஓரத்து பாலிசிகள் பலவற்றில் காற்றுச் சேதம் விலக்கப்பட்டிருக்கும். காற்றுக்குத் தனி பாலிசி இருக்கும். அந்த இரண்டாவது பக்கத்தை ஏற்றாமல் விட்டு விண்ணப்பம் தொங்குவது அடிக்கடி நடக்கிறது. வாடகைக்கு விட்ட வீடு, காண்டோ, மொபைல் ஹோம் இதில் சேராது.

இன்னொன்று. ஒப்புதல் கடிதம் வருமுன், ஓடுபோல் கூரையில் வரிசையாக அடிக்கும் ஷிங்கிளில் ஒன்றைக்கூட உரிக்காதீர்கள். ஆரம்பித்த வேலைக்கு மானியம் கிடையாது.

தென்கரை (பால்ட்வின் கவுண்டி, கூரை மதிப்பீடு)

காகிதத்தில் தோற்பவர்களைவிட கூரைமேல் தோற்பவர்கள்தான் பரிதாபம், ஏனென்றால் அதற்குள் பழைய கூரை குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும்.

ஐபிஹெச்எஸ் ஆள் யாரும் உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தனி மதிப்பீட்டாளர் சேர்த்து அனுப்பும் படங்களையும் ஆவணங்களையும் பார்த்துத்தான் சான்றிதழ். கூரைப் பலகையின் ஆணி, பலகை மூட்டில் ஒட்டும் டேப், ஓரத்தகடு ஆகிய மூன்றும் ஷிங்கிளுக்கு அடியில் போய்விடும். நல்ல குழு ஒரே நாளில் உரித்து மூடிவிடும். காலை ஒன்பதுக்குத் தெரிந்த ஆணி மதியம் இரண்டு மணிக்குத் தெரியாது. எடுக்காத படத்துக்காக மறுபடி பிரித்துக் காட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

அதனால் உரிக்கும் தேதியை கான்ட்ராக்டர் சொன்னவுடன் மதிப்பீட்டாளருக்கு நீங்களே போன் செய்யுங்கள். மழையால் தேதி தள்ளிப்போனால் மறுபடியும் சொல்லுங்கள். இந்த இரண்டாவது போன்தான் எல்லாரும் மறப்பது. கேட்கும் படங்கள் பொதுவாக இவை: கதவு எண்ணோடு வீட்டின் முகப்பு, ஒவ்வொரு சரிவிலும் டேப் அளவு வைத்து ஆணி இடைவெளி, ஆணிப் பெட்டியின் லேபிள், மூட்டில் ஒட்டிய டேப், அண்டர்லேமென்ட் (ஷிங்கிளுக்கு அடியில் விரிக்கும் அடித்தாள்), அதன் தொப்பி ஆணிகள், டிரிப் எட்ஜ் என்ற ஓரத்தகட்டின் ஆணி இடைவெளி, ஷிங்கிள் கட்டின் உறை, காற்றுப்போக்கி வென்ட்டின் மாடல் லேபிள். முன்பக்கச் சரிவை மட்டும் பத்துப் படம் எடுத்துப் பின்பக்கத்தை விட்டுவிட்டால் செல்லாது.

மதிப்பீட்டுக் கட்டணம் வீட்டுக்காரர் பொறுப்பு, மானியத்தில் சேராது. மானியப் பணம் சான்றிதழ் வந்தபிறகு நேராகக் கான்ட்ராக்டருக்குப் போகும். 10,000-க்கு மேல் வரும் தொகை நம் கையிலிருந்து. சான்றிதழ் கிடைக்காவிட்டால் செலவு யாருடையது, திருத்த வேலைக்குக் கூலி உண்டா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆணிக்கணக்கு (லேக் சார்ல்ஸ், லூசியானா)

ஆணியைப் பற்றி நான் எழுதுகிறேன், பெயரே அதுதானே.

காற்று கூரையைத் தள்ளுவதில்லை, மேலே உறிஞ்சுகிறது. ஊரில் தகரக் கொட்டகைமேல் மணல் மூட்டை ஏற்றுகிறோமே, அதே காரணம். மூலையிலும் ஓரத்திலும் உறிஞ்சல் அதிகம். சாதாரண வழவழ ஆணி கூரைப் பலகையைப் பிடிப்பது உராய்வால் மட்டும். உறிஞ்ச உறிஞ்ச மெல்ல வெளியே வரும். ரிங் ஷாங்க் ஆணியின் தண்டில் வளையம் வளையமாக வரி இருக்கும், மர நார் அதில் சிக்கிக்கொள்ளும். ஃபோர்ட்டிஃபைடு கேட்பது 8டி ரிங் ஷாங்க்: நீளம் 2⅜ இன்ச், தண்டு 0.113 இன்ச். பலகை, தன்னைத் தாங்கும் மரச்சட்டமான ராஃப்டரையோ ட்ரஸ்ஸையோ தொடும் இடமெல்லாம் 6 இன்ச் இடைவெளி.

கணக்குப் போடுவோம். 4-க்கு 8 அடி பலகை, ட்ரஸ் 24 இன்ச் இடைவெளி. ஒரு பலகைக்கு ஐந்து தாங்கு கோடு, கோட்டுக்கு 9 ஆணி, மொத்தம் 45. பழைய முறையில் ஓரத்தில் 6 இன்ச், நடுவில் 12 இன்ச் அடித்திருந்தால் 33. கூரைப் பரப்பு 3,000 சதுர அடி என்றால் 94 பலகை, நாலாயிரத்துச் சொச்சம் ஆணி. கோட்டேஷனில் “டெக் ரீநெயிலிங்” (கூரைப் பலகைக்கு மறுபடி ஆணியடித்தல்) என்று ஒரு வரி மட்டும் இருந்தால் எந்த ஆணி, எத்தனை இன்ச் என்று கேளுங்கள். தெரிந்தவர் தயங்காமல் சொல்வார்.

தவறுவது இரண்டு விதம். ஒன்று, ஆணி ட்ரஸ்ஸைத் தொடாமல் பக்கத்தில் இறங்குவது. இங்கே இதற்கு ஷைனர் என்று பெயர். அட்டிக்கில் (சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடம்) டார்ச் அடித்தால் மரத்துக்குப் பக்கத்திலேயே பளபளவென்று ஆணி நுனிகள் வரிசையாகத் தொங்கும். பலகையை அது பிடிக்கவே இல்லை, ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் 6 இன்ச் இடைவெளி அழகாகத் தெரியும்! வேலை நடக்கும்போதே ஒருமுறை அட்டிக்கில் எட்டிப் பார்ப்பது நல்லது. இன்னொன்று, கம்ப்ரஸர் அழுத்தம் கூடி ஆணித் தலை பலகையின் மேல்தோலைக் கிழித்து உள்ளே புதைவது. மரச்சீவல்களை ஒட்டிச் செய்த ஓஎஸ்பி பலகையில் இது சகஜம். தலை பலகையோடு சமமாக நிற்க வேண்டும். புதைந்த ஆணியை விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று அடிக்கச் சொல்லுங்கள்.

பலகை 7/16 இன்சுக்குக் குறையக் கூடாது. மக்கிய பலகை எத்தனை என்பது உரித்த பிறகுதான் தெரியும். ஆகவே பலகை ஒன்றுக்கு என்ன விலை என்று முன்பே எழுதி வாங்குங்கள். கூரை திறந்து கிடக்க மேகம் கறுத்து வரும்போது பேரம் பேச முடியாது.

பேட்டன் ரூஜ் பக்கம்

ஒரு கேள்வி. பழைய ஷிங்கிளுக்கு மேலேயே இன்னொரு அடுக்குப் போட்டால் மானியம் வருமா?

தென்கரை

வராது. பலகை தெரியும் வரை உரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆணியை எப்படி அடிப்பது, மூட்டை எப்படி மூடுவது?

வளைகுடாவாசி

மூட்டு பற்றிக் கொஞ்சம். பலகைகளை அடிக்கும்போது விரிவதற்காக அரைக்கால் (1/8) இன்ச் இடைவெளி விடுவார்கள். ஷிங்கிளும் அடித்தாளும் பறந்துபோனால் மழை அந்த இடுக்கு வழியாக இன்சுலேஷனில் இறங்கும், ஊறிய கனத்தில் ஜிப்சம் சீலிங் உடைந்து சோபாமேல் விழும். கூரை நின்றும் வீடு போவது இப்படித்தான்.

மூட வழிகள் சில. எல்லா மூட்டிலும் குறைந்தது 4 இன்ச் அகல ஒட்டுநாடா, அதன்மேல் 30 பவுண்ட் ஃபெல்ட் (தார் ஊறிய தாள்) அல்லது அதற்கு ஈடான சிந்தடிக் அண்டர்லேமென்ட். அல்லது கூரை முழுதும் ஒட்டும் மெம்ப்ரேன். அல்லது 30 பவுண்ட் ஃபெல்ட் இரண்டு அடுக்கு, ஒன்றன்மேல் ஒன்று 19 இன்ச் ஏறும்படி. பலரும் எடுப்பது நாடாவைத்தான், செலவு குறைவு. ஆனால் மரத்தூள் கிடக்கும் பலகையிலும் பனி ஈரத்திலும் நாடா ஒட்டாது. சில ஓஎஸ்பிக்கு ப்ரைமர் தேவைப்படும். முதலில் பெருக்க வேண்டும், பிறகு உருளையால் அழுத்த வேண்டும். கையால் தடவினால் போதாது.

பழைய வீடுகளில் பிளைவுட் இல்லாமல் குறுகிய மரச்சட்டங்களே கூரைப் பலகையாக இருக்கும். இருபது முப்பது இடுக்குக்கு நாடா ஒட்டிக்கொண்டிருப்பது வீண். முழு மெம்ப்ரேன்தான் சரி. அப்போது அட்டிக்கின் காற்றோட்டம் போதுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஷிங்கிள் மெம்ப்ரேனோடு ஒட்டிப்போகாமல் நடுவில் 15 பவுண்ட் ஃபெல்ட் தேவையா என்பதைத் தயாரிப்பாளர் குறிப்பில் படியுங்கள்.

அடித்தாளை ஸ்டேப்ளர் முள்ளால் அடிப்பது இங்கே செல்லாது. 1 இன்ச் விட்டமுள்ள தொப்பி ஆணி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரத்தில் 6 இன்சுக்கு ஒன்று, நடுவில் 12 இன்சுக்கு ஒன்று.

ஆணிக்கணக்கு

டிரிப் எட்ஜை விட்டுவிட்டீர்களே அண்ணா. அதிகம் மாட்டுவது அங்கேதான். இறவாணத்தில் தகட்டை முதலில் வைத்து அதன்மேல் அடித்தாளை இறக்குவது குழுக்களின் பல வருஷப் பழக்கம். ஃபோர்ட்டிஃபைடில் தகடு அடித்தாளுக்கு மேலே வர வேண்டும், 4 இன்சுக்கு ஒரு ஆணி, மேலும் கீழுமாக மாற்றி மாற்றி. இணைப்பில் 3 இன்ச் ஒன்றன்மேல் ஒன்று. அதன்மேல், முதல் வரிசை ஷிங்கிளுக்கு அடியில் வரும் ஸ்டார்ட்டர் பட்டை முழுக்க ஒட்டும் வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 8 இன்ச் அகலத்துக்கு ஃப்ளாஷிங் சிமென்ட் என்ற தார்ப்பசை பூசி ஒட்ட வேண்டும், அரைக்கால் இன்சுக்கு மேல் தடிமன் கூடாது. அள்ளி அப்பினால் ஷிங்கிள் கொப்புளித்துவிடும். ஓரம் பிய்ந்தால் மற்றது வாழைப்பழத் தோல்மாதிரி உரிந்துகொண்டு போகும், அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு.

ரிட்ஜ் வென்ட் (கூரை முகட்டுக் காற்றுப்போக்கி), காற்றோடு வரும் மழை புகுமா என்று பார்க்கும் டிஏஎஸ் 100ஏ சோதனை பாஸான மாடலா என்று வாங்கும்போதே பாருங்கள். ஷிங்கிளை வகை பார்த்துத் தேர்ந்த பலர் வென்ட்டைக் கடையில் கிடைத்ததை வைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் மாற்றுகிறார்கள்.

தம்பா விரிகுடா

ஃப்ளோரிடாவில் இருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘மை சேஃப் ஃப்ளோரிடா ஹோம்’ 2006-இல் தொடங்கி, நின்று, 2022-இல் மீண்டும் உயிர்பெற்றது. முதலில் இலவச ஆய்வு. அந்த அறிக்கை பரிந்துரைத்த வேலைக்கு மட்டுமே மானியம். நீங்கள் 1 டாலர் போட்டால் மாநிலம் 2 போடும், உச்சம் 10,000. ஆக 15,000 டாலர் வேலையில் 5,000 உங்களுடையது. குறைந்த வருமானக்காரர்களுக்கு இந்தப் பங்கு வேண்டியதில்லை. அலபாமா மாதிரி இல்லாமல் இங்கே நாம் முதலில் செலவழித்து, இறுதி ஆய்வும் ரசீதும் முடிந்தபின் திரும்ப வாங்குகிறோம். கையில் ரொக்கம் இல்லாதவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். விதிகளைச் சட்டமன்றம் அடிக்கடி மாற்றுகிறது, அந்த ஆண்டு விதியைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

இங்கே எல்லாம் 1802 என்ற காற்றுத்தடுப்பு ஆய்வுப் படிவத்தைச் சுற்றித்தான். கூரையும் சுவரும் சேரும் இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். அட்டிக்கில் உலோகக் கிளிப் கண்ணுக்குத் தெரியும், “கிளிப் இருக்கிறதே” என்று நம்பிக்கையாக இருப்பார்கள். ட்ரஸ்ஸில் அந்தக் கிளிப்பை மூன்று ஆணி பிடித்திருந்தால்தான் அது கிளிப். இரண்டு ஆணி என்றால், அல்லது ட்ரஸ்ஸிலிருந்து அரை இன்ச் விலகியிருந்தால், அல்லது துரு அரித்திருந்தால், படிவத்தில் டோ நெயில் என்றே விழும். அதாவது வெறும் சாய்வாணி, கடைசி வகுப்பு. விடுபட்ட அந்த மூன்றாவது ஆணியை அடிப்பது இந்தப் பட்டியலிலேயே மலிவான வேலை. ஸ்ட்ராப் என்ற உலோகப் பட்டை ட்ரஸ்ஸின் தலையைச் சுற்றி வந்தால் இந்தப் பக்கம் இரண்டு ஆணி, அந்தப் பக்கம் ஒன்று.

பேட்டன் ரூஜ் பக்கம்

சரி, சான்றிதழ் வந்துவிட்டால் பிரீமியம் தானாகக் குறையுமா?

தென்கரை

தானாகக் குறையாதுங்க. சான்றிதழை ஏஜென்ட்டுக்கு அனுப்பி, திருத்திய டிக்ளரேஷன் பக்கத்தை வாங்கி, தள்ளுபடி வரி இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். தள்ளுபடி, பிரீமியத்தில் காற்றுச் சேதத்துக்கான பங்குக்கு மட்டும், முழு பிரீமியத்துக்கு அல்ல. உள்நாட்டில் தள்ளி இருக்கும் வீட்டில் அந்தப் பங்கே சிறியது, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் கணிசமாக வரும்.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 2020 செப்டம்பரில் கல்ஃப் ஷோர்ஸில் கரையேறிய சாலி புயலுக்குப் பின் வந்த இன்ஷூரன்ஸ் இழப்பீட்டுக் கோரிக்கைகளை அலபாமா பல்கலைக்கழகம் ஆராய்ந்து 2025-இல் வெளியிட்டது. ஃபோர்ட்டிஃபைடு வீடுகளில் கோரிக்கை வரும் வீதம் 55 முதல் 74 விழுக்காடு குறைவு. பத்தாயிரத்துக்கு மேல் நம் கைப்பணம் எவ்வளவு போகலாம் என்று முடிவுசெய்ய இந்த எண்ணே போதும் என்பது என் கருத்து.

சான்றிதழின் ஆயுள் 5 ஆண்டு. முடியுமுன் மறு ஆய்வு செய்யாவிட்டால் தள்ளுபடி போய்விடும். யாரும் நினைவூட்டுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். இடையில் டிஷ் ஆன்டெனாவோ புதுக் குழாயோ கூரையைத் துளைத்து வைத்தால், துளைக்குமுன், மூடியபின் என்று இரண்டு படம் எடுத்து முதல் ஆய்வின் படங்களோடு ஒரே இடத்தில் போட்டு வையுங்கள்.

பேட்டன் ரூஜ் பக்கம்

கான்ட்ராக்டர் எடுத்த படங்களை நாம் கேட்டு வாங்க முடியுமா?

தென்கரை

கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.