சொந்தப் பார்லியை விற்றதற்குச் சிறையா? கனடிய கோதுமைச் சபை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குளிர்தாங்கி:
ஸ்கார்பரோவிலிருந்து ரெஜைனாவுக்கு வந்து இதுதான் முதல் குளிர்காலம். கூட வேலை செய்பவர் விவசாயி வீட்டுப் பிள்ளை. கோதுமையையும் பார்லியையும் சபை வழியாகத்தான் விற்க வேண்டும் என்ற ஏகபோகம் முடிந்த 2012 ஆகஸ்ட் 1ஐ அவருடைய அப்பா ஏதோ சுதந்திர தினம் மாதிரிப் பேசுகிறார். அதற்கு முன்னால் தன் பார்லியைத் தானே எல்லை தாண்டி விற்றவர்கள் சிறைக்குப் போனார்களாம். பக்கத்துப் பண்ணைக்காரரோ அந்த நாளோடு எல்லாம் போச்சு என்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே பயிர், வேலி மட்டும்தான் நடுவில். விளைவித்தவனுக்கு விற்க என்ன தடை? அதுவும் கோதுமையை விட்டுவிட்டு ஏன் பார்லிக்கு இவ்வளவு சண்டை?

களஞ்சியக்காரன்:
சஸ்காட்செவனில் தானியக் கொள்முதல்தான் எனக்குத் தொழில். சபை இருந்த காலத்தையும் பார்த்தேன், போன பிறகும் பார்க்கிறேன். எனவே கொஞ்சம் நீளும்.

விவசாயிகளின் தானியத்தை மொத்தமாக வாங்கி விற்கிற அமைப்பாகச் சபை 1935இல் வந்தது. 1943இல் கோதுமை முழுவதும் அதன் வழியாகத்தான் என்று ஆனது, 1949இல் பார்லியும் ஓட்ஸும் சேர்ந்தன. மானிடோபா, சஸ்காட்செவன், ஆல்பெர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியாவின் பீஸ் ரிவர் பகுதி, இவ்வளவுதான் எல்லை. உங்கள் ஒன்டாரியோ விவசாயிக்கு இந்தக் கட்டு கிடையாது. மேற்கே பலருக்கு எரிச்சலே அதுதான்.

சிறை விஷயம் உண்மை, ஆனால் பாதிக் கதை. 1996 வாக்கில் சிலர் வேண்டுமென்றே உரிமம் இல்லாமல் தானியத்தை அமெரிக்காவுக்குள் கொண்டுபோனார்கள். ஒருவர் கொண்டுபோனது மொன்டானாவில் ஒரு சிறுவர் விவசாயக் குழுவுக்கு நன்கொடையாக ஒரே ஒரு புஷல் (சுமார் 27 கிலோ) கோதுமை! வழக்கு சுங்கச் சட்டத்தின் கீழ். அபராதம் கட்ட மாட்டோம் என்று 2002இல் ஆல்பெர்ட்டாவின் லெத்பிரிட்ஜில் 13 பேர் சிறைக்குள் போனார்கள். முறைப்படி விற்கவும் ஒரு வழி இருந்தது. உங்கள் தானியத்தைச் சபைக்கு விற்றதாகக் கணக்கு எழுதி, சபை சொல்லும் விலைக்குத் திரும்ப வாங்கி, பிறகு ஏற்றுமதி செய்யலாம். தன் களஞ்சியத்தை விட்டு நகராத பார்லியை மனுஷன் தானே வாங்க வேண்டும். கோபம் வருமா வராதா?

சரி, ஏன் பார்லி? பார்லி இரண்டு சந்தைக்குப் போகிற பயிர். ஒன்று மாட்டுத் தீவனம், மற்றது பீருக்காக முளைகட்டி உலர்த்துகிற மால்ட். உள்நாட்டுத் தீவனப் பார்லி எழுபதுகளிலிருந்தே சபையின் பிடியில் இல்லை. மால்ட்டும் ஏற்றுமதியும்தான் சபை கையில். லெத்பிரிட்ஜ் பக்கத்து மாட்டுப் பட்டிகளில் விலை ஏறினால் விவசாயி அங்கேயே கொட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வருவான். சபைக்குக் கொடுத்தால் முதல் தவணை மட்டும் கைக்கு வரும். விளைச்சல் ஆண்டு ஜூலை 31இல் முடிந்து, கணக்குப் பார்த்து, இறுதித் தவணை வர மாதக்கணக்கில் ஆகும். இப்படிப் பாதிக் கதவு திறந்த வீட்டுக்கு ஏகபோகம் என்று பெயர் வைத்தால் அது நிற்காது.

மால்ட் பார்லியை வாங்குகிற விதமும் வேறு. கோதுமையைத் தரம் பார்த்து ஒன்றோடொன்று கலக்கலாம். மால்ட் பார்லிக்குச் சாம்பிள் பார்த்துத்தான் தேர்வு. இப்போதும் ஐஸ்கிரீம் வாளியில் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். சல்லடையில் பருமன் பார்ப்போம், தோல் உரிந்திருக்கிறதா என்று பார்ப்போம், புரதம் பார்ப்போம். கூடிப்போனால் மால்ட் ஆலை திருப்பிவிடும். அறுவடை நேரத்தில் மழை பிடித்து வயலிலேயே உள்ளே முளை கிளம்பியிருந்தால் முடிந்தது கதை, ஆலையில் ஒழுங்காக முளைக்காது, அது தீவனம்தான். வாங்குகிற ஆலையும் விளைவிக்கிறவரும் ரகம் முதற்கொண்டு நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டிய பயிர் இது. நடுவில் வினிபெக்கில் சபை என்று ஒரு மேசை எதற்கு என்ற கேள்வி எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

பழைய_உறுப்பினன்:
நடுவிலிருந்த மேசை எதற்கு என்று 2013-14 குளிர்காலத்தில் கேட்டிருக்க வேண்டும். அமோக விளைச்சல், ரயில் இல்லை, களஞ்சியங்கள் நிரம்பி வழிந்தன. தானியத்தை வாங்கிச் சேமித்து ரயிலில் ஏற்றுகிற எலிவேட்டர் நிறுவனங்கள் விலையை இறக்கிக்கொண்டே போனபோது தனித்தனி விவசாயிக்காக யார் பேசினார்கள்? கடைசியில் 2014 மார்ச்சில் அரசு இரண்டு ரயில் நிறுவனங்களுக்கும் வாரத்துக்குத் தலா 5 லட்சம் தொன் ஏற்றியாக வேண்டும் என்று உத்தரவு போட்டது.

அப்புறம் அந்தச் சுதந்திரத்தைக் கொண்டுவந்த விதம். 2007இல் விவசாயிகளிடம் நடந்த பார்லி வாக்கெடுப்பில் மூன்று தெரிவுகள். சபை மட்டும் 37.8 சதவீதம், சபையும் இருக்கட்டும் மற்றவர்களும் வாங்கட்டும் 48.4, சபையே வேண்டாம் 13.8. பின்னிரண்டையும் கூட்டி 62 சதவீதம் சுதந்திரம் கேட்கிறது என்றார்கள். ஏகபோகம் போன பிறகு சபை மற்றவர்களோடு எப்படிப் போட்டி போடும் என்று யாரும் விளக்கவில்லை. 2015இல் சபையின் 50.1 சதவீதம், பங்கி (Bunge) என்ற பன்னாட்டுத் தானிய நிறுவனம், சவூதி முதலீட்டு நிறுவனம் இரண்டும் சேர்ந்த கூட்டுக்குப் போனதைப் பார்த்தோமே.

களஞ்சியக்காரன்:
ரயில் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. அந்தக் குளிர்காலத்தில் விவசாயிகளுக்குத் தொலைபேசியில் பதில் சொன்னவன் நான். "எப்போது எடுப்பீர்கள்?" என்பதற்கு என்னிடம் தேதி இல்லை. ஆனால் சபை இருந்திருந்தால் மட்டும் ரயில் பெட்டிகள் முளைத்திருக்காது.

கொண்டுவந்த விதமும் தவறு என்பேன். 1993இல் ஆகஸ்டில் அமெரிக்காவுக்கான பார்லி விற்பனையை அமைச்சரவை ஆணையால் திறந்தார்கள், செப்டம்பரிலேயே நீதிமன்றம் மூடியது. 2007இலும் அதே குறுக்குவழி, அமலுக்கு வரவேண்டியதற்கு முதல் நாள் நீதிமன்றம் நிறுத்தியது. 2011இல் வாக்கெடுப்பே இல்லாமல் சட்டத்தையே மாற்றினார்கள். அந்த வருடம் சபை தானாக நடத்திய வாக்கெடுப்பில் சபை வேண்டும் என்றவர்கள் கோதுமையில் 62 சதவீதம், பார்லியில் 51. அதை அரசு ஏற்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டு எண்களைப் பாருங்கள். கோதுமைக்காரரும் பார்லிக்காரரும் ஒரே மனநிலையில் இல்லை.

குளிர்தாங்கி:
நன்றி இருவருக்கும். அப்படியானால் இப்போது நண்பரின் அப்பா லாரியை எடுத்துக்கொண்டு மொன்டானாவுக்கே போகலாமா?

களஞ்சியக்காரன்:
போகலாம், சபையின் அனுமதி தேவையில்லை. அதற்கு முன் இரண்டு பக்க விலையையும் கனடிய டொலரில் மாற்றி, லாரிக் கூலியைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்லிக்கு ஒழுங்காக வியாபாரம் நடக்கிற முன்பேர சந்தை (பின்னால் தரும் சரக்குக்கு இப்போதே விலை பேசுகிற இடம்) இல்லை, லெத்பிரிட்ஜ் தீவன விலைதான் எல்லாருக்கும் அளவுகோல். உள்ளூரில் விற்றால் வாங்குபவருக்கு, தானிய வியாபாரத்தைக் கண்காணிக்கிற கனடிய தானிய ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். இவ்வளவு தானியம் தருகிறேன் என்று முன்கூட்டியே எழுதும் ஒப்பந்தத்தில் வறட்சி, ஆலங்கட்டிக்கு விலக்கு இருக்கிறதா என்பது அடுத்தது. விலக்கு இல்லாததற்கு விலை சற்றுக் கூடக் கிடைக்கும். 2021 வறட்சியில் அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் விளையாத தானியத்துக்குக் கையிலிருந்து பணம் கட்டினார்கள்.